ஓரம் தெரிகிற விளக்கு

1

இந்த நாட்டில் பொலிஸ் எனக்கு அபராதம் போட்டது ஒரே ஒரு தடவை. திருடினேன் என்று இல்லை, விசா முடிந்துவிட்டது என்றும் இல்லை. சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு இல்லை என்று.

இலங்கையில், பதுளையில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நம் மலைப் பக்கத்தில் சைக்கிளை யார் ஓட்டுகிறார்கள்? எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்த ஒரே ஆள் தபால்காரர். அவரும் பாதி வழி அதைத் தள்ளிக்கொண்டுதான் வருவார். நான் ஸ்பிரிங்வெளிப் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற ஒரு லயத்தில் பிறந்தவள். முப்பத்தாறு வயதில், நெதர்லாந்தில், ஒரு கடைக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடத்தில், என் ஆறு வயது மகள் கைதட்டிச் சிரிக்க, விழுந்து எழுந்து சைக்கிள் பழகினேன். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இங்கே சைக்கிள் இல்லாமல் ஒரு வேலைக்கும் போக முடியாது. நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். குளிர்காலத்தில் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. மாலை ஐந்து மணிக்கெல்லாம் கண்ணைக் கட்டிவிட்டது போல ஆகிவிடும்.

என்னை நிறுத்தியது ஒரு இளம் பொலிஸ்காரி. என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும்.

"உங்கள் பின் விளக்கு எங்கே?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த டச்சில் சொன்னேன்: "எனக்குப் பின்னால் யாரும் வரவில்லையே."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு அபராதத்தை எழுதினாள். இந்த நாட்டுக்காரர்கள் இப்படித்தான். சிரிப்பு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம்.

சில வாரங்கள் கழித்துக் கடிதம் வந்தது. இங்கே எல்லாவற்றுக்கும் கடிதம் வரும். என் மகள் ரம்யாவுக்கு இப்போது பதினைந்து வயது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து என் கடிதங்களை அவள்தான் படிக்கிறாள். ஆட்சேபணை இருந்தால் எழுதலாம் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது.

"எழுது," என்றேன். "பாதை முன்னால இருக்கு. வெளிச்சம் முன்னால போதும். தாண்டி வந்த பாதைக்கு எதுக்கு லைட்டுன்னு எழுது."

"அம்மா, இத நான் எழுத மாட்டேன்."

"ஏன்?"

"அந்த லைட்டு நீ பாக்குறதுக்கு இல்ல. ஒன்னைய மத்தவங்க பாக்குறதுக்கு."

"என்னைய எதுக்குடி மத்தவங்க பாக்கணும்?"

அவள் கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். இப்போதெல்லாம் எங்கள் பேச்சுகள் முக்கால்வாசி இப்படித்தான் முடிகின்றன. கதவைச் சாத்துகிற சத்தத்தோடு.

2

விளக்குச் சண்டை அதோடு நிற்கவில்லை.

ரம்யா நீச்சல் பழகுகிறாள். செவ்வாயும் வியாழனும் மாலையில், பக்கத்து ஊர் நீச்சல் குளத்தில். நன்றாக நீந்துகிறாள் என்று பயிற்சி கொடுக்கிற பெண் என்னிடமே சொன்னாள். நான் ஒரு ஓடையைத் தாண்டுவதற்கே பயந்தவள், என் மகள் தண்ணீரில் மீன் மாதிரிப் போகிறாள். பெருமைதான். ஆனால் அங்கே போகிற சைக்கிள் பாதை கால்வாய் ஓரமாகப் போகிறது. ஒரு பக்கம் புல்வெளி, மறுபக்கம் கறுப்புத் தண்ணீர். நடுவில் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு ஒரு விளக்குக் கம்பம் கிடையாது.

கோடையில் போனாள், வந்தாள். ஒக்டோபரில் இருட்டத் தொடங்கியதும் நான் பின்னாலேயே போக ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு கிடங்கில் இரவு வேலை. நான் சொல்கிற நேரத்தில் எல்லாம் அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அதனால் அவரை இந்தக் கதையில் எதிர்பார்க்காதீர்கள். அவரிடம் பெரிய டோர்ச் ஒன்று இருந்தது. பழைய டியூபை வார் மாதிரி வெட்டி, அந்த டோர்ச்சை என் சைக்கிள் ஹேண்டிலில் இறுக்கிக் கட்டினேன். அடித்தால் அரை ஊருக்குத் தெரியும். எதிரே வருகிறவர்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஏதேதோ கத்திக்கொண்டு போனார்கள். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். பிள்ளைக்கு முன்னால் வெளிச்சம் விழுந்தால் எனக்குப் போதும்.

மூன்றாவது வாரம் அவள் குளத்து வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"அம்மா, கூட நீந்துற புள்ளைங்க எல்லாம் என்ன கேக்குறாங்க தெரியுமா? இன்னைக்கு ஒன் பின்னால லொறி வரலையான்னு."

"கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்."

"நீ இனிமே வந்தா நான் போக மாட்டேன். நீச்சலே வேணாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய் போகவில்லை. வியாழனும் போகவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. நீச்சல் பையைச் சோபாவுக்குப் பக்கத்தில், என் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பயிற்சிக்காரி போன் பண்ணினாள். இந்த மாதமும் வராவிட்டால் போட்டிக்கு வேறு பிள்ளையைப் போடவேண்டி வரும் என்றாள்.

அன்றைக்குச் சண்டை பிடித்துக்கொண்டது.

"தனியா அந்தக் கால்வாய் ஓரத்துல ஒன்னைய விடணுமா? வெளிச்சம் இல்லாம?"

"எனக்கு வெளிச்சம் இல்லாததே ஒன்னாலதான்! ஒன் டோர்ச்சு பின்னாலருந்து அடிச்சா என் நிழலுதான் என் முன்னால விழுது. இவ்ளோ நீளமா, கறுப்பா. ரோடே தெரியல. என் நிழலு மேலயே நான் ஓட்டிட்டுப் போறேன்."

"பொய் சொல்லாத. எங்க அண்ணன் எனக்கு இப்பிடித்தான் பின்னால டோர்ச் அடிச்சிட்டு வந்துச்சு. எனக்கு ரோடு நல்லாத்தான் தெரிஞ்சிச்சு."

"அப்ப மாமாகிட்டயே கேளு, எப்பிடி அடிச்சாருன்னு!"

கதவு.

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் சுவரில் என் நிழல். பின்னால் குழல் விளக்கு. கையை நீட்டினேன், நிழல் கை நீட்டியது. பிள்ளை சொல்வது சரிதான், வெளிச்சம் நேர் பின்னால் இருந்தால் நிழல் முன்னால்தான் விழும். இதைக் கண்டுபிடிக்கப் படித்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அந்த வருஷம் எனக்கு மட்டும் எப்படிப் பாதை தெரிந்தது?

3

எனக்குப் பதினாறு வயது, பள்ளியில் ஓ.எல். பரீட்சை வருஷம். கணக்கும் ஆங்கிலமும் எனக்கு ஓடவில்லை. பதுளையில் ஒரு மாஸ்டரிடம் மாலை டியூஷன். முடிந்து பஸ் பிடித்து எங்கள் தோட்டத்து ஹோல்ட்டில் இறங்கும்போது ஏழு மணி ஆகிவிடும். அங்கிருந்து லயத்துக்கு ஒன்றரை மைல், தேயிலைக்கு நடுவால் போகிற தோட்டத்து ரோடு. தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் பங்களா வரைக்கும் விளக்குக் கம்பம் இருந்தது. துரை அந்த ரோட்டில் ஒருநாளும் நடந்தது இல்லை, காரில்தான் போவார். நடக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் இருந்தோம், எங்கள் பக்கத்தில் கம்பம் இல்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

அண்ணன் டோர்ச்சோடு ஹோல்ட்டில் நிற்பான். என்னைவிட மூன்று வயது மூத்தவன். அப்போதே தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, பகல் முழுவதும் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி, சாயந்திரம் எனக்காக வந்து நிற்பான். ஒரு டோர்ச்சுக்கு இரண்டு பேர் என்றால் எங்கள் பக்கத்தில் வழக்கம் ஒன்று உண்டு. டோர்ச் வைத்திருப்பவர் பின்னால் நடப்பார், முன்னால் நடக்கிறவரின் கால்தான் முதலில் பாம்பில் படும், வெளிச்சம் அந்தக் காலுக்குத்தான் வேண்டும் என்பதால். நான் முன்னால். அவன் ஐந்தாறு அடி பின்னால். பேசவே மாட்டான். நான் திரும்பினால் மட்டும், "முன்னால பாத்து நட," என்பான்.

அவன் எப்போதும் ரோட்டின் ஓரத்தில்தான் நடப்பான். கான் பக்கமாக. கான் என்றால் மழைத் தண்ணீர் ஓடுவதற்குக் கல் வைத்துக் கட்டிய வடிகால். இடுப்பளவு ஆழம் இருக்கும், மேலே புல் மூடிக் கிடக்கும். ரோடு அவ்வளவு அகலமாகக் கிடக்க இவன் ஏன் விளிம்பில் தள்ளாடித் தள்ளாடி வருகிறான் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது, நல்ல பனி மூடியிருந்த ஒரு நாள், பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. கானுக்குள் இருந்து ஒரு கை மட்டும் மேலே நின்றது. அந்தக் கையில் டோர்ச். வெளிச்சம் இன்னும் நான் நடக்க வேண்டிய ரோட்டின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

கணுக்கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டி முறிந்திருந்தது. தோட்டத்து லொறி காலையில்தான் கிடைத்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்தது. இன்றைக்கும் வலது காலை இழுத்துத்தான் நடக்கிறான். மலையில் ஏறி வேலை செய்ய முடியாமல் தேயிலைத் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கப் போனான்.

லயத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? கசிப்பு குடித்துவிட்டு விழுந்தான் என்றார்கள். குடிக்காத பயல் ஓரத்தில் போய் ஏன் விழுகிறான் என்றார்கள். சம்பள நாளில் அவன் ஒரு வாய் குடிப்பான் என்பது உண்மைதான். அப்பா அவனைக் குடிகாரப் பயல் என்று சொல்லி மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் இல்லை என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தான்.

நானும் நம்பினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. பின்னால் வந்தவன் அவன், வாசம் வந்ததா இல்லையா என்று சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான் வாயைத் திறக்கவில்லை. மிச்ச நாலு மாதமும் அப்பா வந்து என்னைக் கூட்டிப்போனார். அவருக்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாது. டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் விறுவிறு என்று போவார். நான் அவர் முதுகைப் பார்த்து இருட்டில் தடுமாறி நடந்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன புள்ள, சோறு திங்குற நேரத்துல? ஒனக்கு அங்க விடிஞ்சிருச்சா?"

"இல்ல. எட்டு மணியாகுது, வெளிய கும்மிருட்டு."

"எட்டு மணிக்கு இருட்டா? நீ போய் இருக்குறதெல்லாம் ஒரு நாடா?"

"அண்ணே, ஒன்னு கேக்குறேன். சுத்தி வளைக்காம சொல்லு. கானுக்குள்ள விழுந்தியே, அன்னைக்கு நீ குடிச்சிருந்தியா?"

அவன் மெல்வது நின்றது. பின்னால் யாரோ ரேடியோவைக் குறைக்கிற சத்தம் கேட்டது.

"இருவத்தொம்பது வருசம் கழிச்சு இதக் கேக்கத்தான் போன் பண்ணியா?"

"சொல்லு."

"குடிச்சிருந்தா நடு ரோட்டுல நடந்திருப்பேன். குடிச்சவன் எவன்டி ஓரம் பாத்து நடப்பான்?"

"பின்ன ஏன் ஓரத்துல நடந்த?"

"இது என்ன கேள்வி? நேரா பின்னால வந்தா ஒன் நிழலு ஒன் காலுலயே விழும்ல. கான் பக்கமா ஒதுங்கி, கையத் தூக்கிப் புடிச்சாத்தான் நிழலு அந்தாண்ட போகும். மொத நாளு ஒரு கல்லுல இடிச்சிக்கிட்டு என்னைய வஞ்சியே, ஞாபகம் இல்லையா? ரெண்டாவது நாளே ஓரத்துக்குப் போயிட்டேன்."

எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு கல்லும் ஞாபகம் இல்லை.

"அப்பா குடிகாரப் பயன்னு வஞ்சப்ப வாயில என்ன கொழக்கட்டையா வச்சிருந்த?" என்று கத்தினேன். அழுகை வந்தால் எனக்குக் கத்தத்தான் வரும்.

"சொல்லியிருந்தா நீ டியூஷனுக்குப் போயிருப்பியா? என்னாலதான் அண்ணன் காலு போச்சுன்னு புத்தகத்தத் தூக்கி அடுப்புல போட்டிருப்ப. வீம்பு புடிச்ச கழுத. ஒன்னைய எனக்குத் தெரியாதா? நாலு மாசந்தான பரீட்சைக்கு, அப்புறமா சொல்லிக்கலாம்னு பாத்தேன். அப்புறம் நீயும் பாஸ் பண்ணிட்ட, மறந்துபோச்சு."

"மறந்துபோச்சா?"

"ஆமா. நீ இப்ப எதுக்கு அழுகுற? போன வையி, சோறு ஆறுது."

வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

5

திங்கட்கிழமை ரம்யாவிடம் சொன்னேன்: "நான் இனிமே பின்னால வரல. நீ தனியா போ. ஆனா லைட்ட நான்தான் பாத்து வாங்குவேன்."

என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சேந்து," என்றாள். சரி என்றேன்.

சைக்கிள் கடைக்காரர் பெரிய உருவம், கை முழுவதும் கிரீஸ். ஒரு சுவர் நிறைய விளக்குகள். சக்கரத்தில் உரசி எரிகிறது, சக்கரத்துக்குள்ளேயே டைனமோ வைத்தது, போன் மாதிரி சார்ஜ் போடுகிறது, கோட்டில் மாட்டிக்கொள்கிற பொத்தான் அளவு. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டும் மினுக்மினுக் என்று அடிக்கக் கூடாது, நின்று எரிய வேண்டும். அவர் வரிசையாகச் சொல்லச் சொல்ல ரம்யா தமிழில் சொன்னாள். எடுத்த எடுப்பில் நான் ஆகப் பெரியதில் கை வைத்தேன். ரம்யா ஆகச் சின்னதில் கை வைத்தாள். கடைக்காரர் இரண்டு கையையும் பார்த்துவிட்டு, பெரியது காட்டுக்குள் ஓட்டுகிறவர்களுக்கு, எதிரே வருகிறவர் கண் போய்விடும் என்றார். பொத்தான் விளக்கு ஊருக்குள் சரி, விளக்கில்லாத பாதைக்குக் காணாது என்றார்.

"ஓரம் தெரியுமான்னு கேளு," என்றேன்.

"என்னது?"

"ரோட்டு ஓரம். முன்னால எவ்ளோ தூரம் போகுதுன்னு எனக்கு வேணாம். பக்கத்துல ஓரம் தெரியணும்."

அவள் கேட்டாள். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். எத்தனை மீற்றர் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், இப்படி யாரும் கேட்டதில்லை என்றார். ஆனால் நல்ல மனிதர். பின்னால் இருந்த பட்டறைக்கு எங்களைக் கூட்டிப்போய் விளக்கை எல்லாம் அணைத்தார். நான் அங்கே கிடந்த விளக்குமாற்றை எடுத்துத் தரையில் ஒரு பக்கமாகப் போட்டேன், அதுதான் கால்வாய் விளிம்பு என்று. ஒவ்வொரு விளக்காக சைக்கிளில் மாட்டி எரித்தார். முதலாவதில் விளக்குமாறு தெரியவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, எல்லாம் நடுவில் ஈட்டி மாதிரி நீண்டன, விளக்குமாறு இருட்டில் கிடந்தது. ஐந்தாவதில் வெளிச்சம் பாய் விரித்த மாதிரி அகலமாக விழுந்தது. விளக்குமாற்றின் ஒவ்வொரு குச்சியும் தெரிந்தது.

"இது," என்றேன்.

"அம்மா, ஓரம் ஏன் அவ்ளோ முக்கியம்?"

அந்த இருட்டிலேயே சொன்னேன். மாமா கான் பக்கமாக நடந்தது, கையைத் தூக்கிப் பிடித்தது, விழுந்தது, குடிகாரன் என்று நாங்கள் சொன்னது, அவன் வாயை மூடிக்கொண்டது. கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் விளக்கைப் போடாமல் நின்றார்.

ரம்யாவுக்கு மாமா என்றால் வீடியோவில் வந்து "நல்லா இருக்கியா சாமி" என்று கேட்கிற ஆள். அவ்வளவுதான். இரண்டு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறாள். குனிந்து அந்த விளக்குமாற்றை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். பிறகு, "மாமா காலு இழுக்குறது பொறந்ததுலேருந்துன்னு நெனச்சேன்," என்றாள்.

அந்த வகையிலேயே எனக்கும் ஒன்று வாங்கினோம். பின்னால் சிவப்பு, இருவருக்கும்.

செவ்வாய் மாலை அவள் போனாள். நான் வாசலில் நின்றேன். சைக்கிள் இருட்டில் கரைந்துவிட்டது, பிள்ளையும் கரைந்துவிட்டாள், அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் போய்க்கொண்டிருந்தது. தெருமுனை தாண்டி, பாலம் ஏறி, கால்வாய்ப் பக்கம் திரும்புகிற வரைக்கும் தெரிந்தது. இதற்குத்தான் அந்த விளக்கு என்று அபராதக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் நான் தகராறு பண்ணியிருக்கவே மாட்டேன்.

6

போட்டியில் அவள் நான்காவதாக வந்தாள். அதை விடுங்கள்.

டிசம்பரில் ஒரு வியாழன். அன்றைக்கு என் வேலை ஆறரைக்குத்தான் முடிந்தது. அவள் பயிற்சி முடிந்து என் முதியோர் இல்லத்து வழியாகத்தான் வரவேண்டும். கேட்டுக்கு வெளியே ஈரத் தலையோடு நின்றாள். நான் கூப்பிடவில்லை, அவளாகவே நின்றாள்.

"தொப்பி எங்கடி? சளி புடிக்கும்."

"பேக்ல இருக்கு. போலாமா?"

என் முன் விளக்கை அழுத்தினேன். எரியவில்லை. சார்ஜ் போட மறந்துவிட்டேன். பின்னால் சிவப்பு எரிந்தது, முன்னால் செத்துக் கிடந்தது. ஊருக்கே விளக்கு உபதேசம் பண்ணியவள் நான். ரம்யா சிரித்த சிரிப்பில் உள்ளே கிழவிகள் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார்கள்.

"சரி, நீ முன்னால போ," என்றாள்.

"நீ போ முன்னால. நான் ஒன் சிவப்பு லைட்டப் பாத்துட்டே வாறேன்."

"அம்மா. முன்னால போ."

போனேன். கால்வாய்ப் பாதையில் காற்று முகத்தில் அறைந்தது. பாதை தெரிந்தது. தார், தாரின் விளிம்பு, விளிம்பில் நரைத்த புல், எல்லாம் தெரிந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. என் முன்னால் நிழல் இல்லை. அது எனக்கு வலது பக்கம், புல்வெளியில், தனியாக ஓடி வந்துகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். பிள்ளை பாதையின் இடது கரையில், தண்ணீருக்கு ஒரு முழம் தள்ளி வந்துகொண்டிருந்தாள். ஒரு கை ஹேண்டிலில். மறு கையில் கழற்றிய விளக்கு, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி.

"ஏய்! ஓரத்துல வராதடி! தண்ணி இருக்கு! நடுவுல வா!"

"எனக்கு நீந்தத் தெரியும்," என்று கத்தினாள். "நீ முன்னால பாத்து ஓட்டு."

இந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். இதே சலிப்போடு, இதே ஐந்தாறு அடி தூரத்திலிருந்து.

அவள் கை வலிக்குமே என்று வேகமாக மிதித்தேன். அவளும் வேகமாக வந்தாள். வீடு வருகிற வரைக்கும் என் நிழல் ஒரு தடவைகூட என் பாதையில் விழவில்லை.